அப்புசாமி வீட்டு ஊடல்: திணையியல் நோக்கில் ஓர் ஆய்வு

தமிழ்க் கதையுலகில் மிக நீண்ட காலம் சண்டையிட்டும் பிரியாமல் வாழ்ந்த குடும்பம் எது என்னும் வினாவுக்கு, அப்புசாமி - சீதாப்பாட்டி தம்பதியின் குடும்பமே விடையாகும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை; இத்துறையில் ஆய்வாளர்களே இல்லை என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். சேலத்தை அடுத்த ஜலகண்டாபுரத்தில் பிறந்த ஜ.ரா. சுந்தரேசன், தாய் பாக்கியத்தின் பெயரையும் தந்தை ராமசாமியின் பெயரையும் இணைத்துப் பாக்கியம் ராமசாமி என்னும் புனைபெயரில், தாம் பணியாற்றிய குமுதம் இதழில் 1963-இல் இத்தம்பதியை அறிமுகப்படுத்தினார். இளம்பெண்களை வரைவதில் பெயர்பெற்ற ஓவியர் ஜெயராஜ், தம் தூரிகையை இந்த இரு முதியவர்களுக்கும் ஒப்புக்கொடுத்தார் என்பது தமிழ் இதழியல் வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

இக்குடும்பத்தின் அமைப்பு எளியது. குடும்பத் தலைவர் என்னும் பட்டம் அப்புசாமியிடமும், பணப்பெட்டியின் சாவி சீதாப்பாட்டியிடமும் உள்ளன. பாட்டி ஆங்கிலம் பேசுவார். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவர். பொன்னம்மா டேவிட் என்னும் நிரந்தரப் போட்டியாளரைச் சமாளிக்கும் பொதுவாழ்வு அவருக்கு உண்டு. தாத்தாவுக்கோ பொதுவாழ்வு இல்லை, கைச்செலவுக்குக் காசும் இல்லை. எனவே அவருடைய அறிவு முழுவதும் அந்தக் காசைப் பெறும் வழிகளை ஆராய்வதிலேயே செலவாகிறது.

இத்தகைய இணைகள் உலகில் வேறெங்கும் இல்லை என்று கொள்ளலாகாது. 1845-இல் லண்டன் பஞ்ச் இதழில் வந்த திருமதி காடில், கணவனைத் தூங்கவிடாமல் படுக்கையிலேயே சொற்பொழிவு ஆற்றினார்; ஆயினும் அங்கே பேச்சுரிமை ஏறத்தாழ ஒருவருக்கே இருந்தது. 1913-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தோன்றிய ஜிக்ஸ் - மேகி சித்திரக்கதை இன்னும் நெருங்கிய உறவுடையது: உயர்குடிச் சமூகத்தில் ஏறத் துடிக்கும் மனைவி, பழைய கூட்டாளிகளைக் காணப் பின்வாசல் வழியே நழுவும் கணவன், இருவருக்கும் நடுவே பறக்கும் பூரிக்கட்டை. ஆனால் ஜிக்ஸ் பணக்காரர். நழுவிய பிறகு அவரால் சாப்பிட்டதற்குக் காசு கொடுக்க முடியும். அப்புசாமி நழுவினால் அந்தச் செலவுக்கும் கூட்டாளி ரசகுண்டுவைத்தான் நம்ப வேண்டும். அந்த வகையில் தமிழ்க் குடும்பமே ஆழமானது.

இனி இலக்கணத்துக்கு வருவோம். நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இவற்றுள் இளமை என்பது குழந்தைத்தனம் என்று கொள்ளப்படுவதால், முதுமையில் இருக்கும் அப்புசாமியிடம் நான்கும் குறைவின்றி அமைந்துள்ளன. ஊடல் கொண்ட தலைவியைத் தணிவிக்கத் தூது செல்வோர் வாயில்கள் எனப்படுவர். பாணனும் பாங்கனும் அவர்களுள் அடங்குவர். ரசகுண்டுவும் பீமாராவும் இவ்வீட்டின் பாங்கர்கள். ஊடலைத் தணிக்கப் புகுந்து அதை மூன்று மடங்காக்கித் திரும்பும் இவ்வகை வாயிலுக்கு இலக்கண நூல்களில் பெயர் இல்லாமையால், இங்கு இவர்கள் ‘அடைவாயில்’ என்று சுட்டப்படுகின்றனர்.

சிக்கல் நிலத்தில்தான் உள்ளது. ஊடல் மருதத்துக்குரிய ஒழுக்கம்; மருதம் என்பது வயலும் வயல் சார்ந்த இடமும். அப்புசாமியின் வீடோ திருவல்லிக்கேணியில், கடற்காற்று வீசும் நெய்தலில் உள்ளது. நெய்தலுக்குரியது இரங்கல், அதாவது கரையில் நின்று கலங்குதல். சீதாப்பாட்டி எதற்கும் கரையில் நின்று கலங்கியவரல்லர். எனவே இது திணைமயக்கம் என்றே கொள்ளத்தக்கது.

அத்தம்பதிக்கு உரிய நிலம் தாம்பரம் வட்டாரமே. சித்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஆகிய ஊர்கள் ஏரியும் ஏரிப் பாசன வயலுமாக இருந்த அசல் மருதங்கள். 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. பின்னர் வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. 2021-இல் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. நெல் போய்விட்டது, ஒழுக்கம் போகவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இரண்டு படுக்கையறை வீட்டில் எஞ்சிய ஓய்வூதியத் தம்பதிகளிடம் ஊடல் இன்றும் மூன்று போகம் விளைகிறது.

இவ்வட்டாரத்து அப்புசாமிகளின் பொருளாதாரம் ‘கறிவேப்பிலை வருவாய்’ எனத்தகும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குக் காய் வாங்க அனுப்பப்படும் முதியவர், கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலைக்குப் பத்து ரூபாய் என்று கணக்கெழுதி, அந்தப் பத்தைத் தேநீருக்கு ஒதுக்குவதே அதன் இயக்கம். நூறு ரூபாய்த் தாளும் கணக்குச் சீட்டும் புழங்கியவரை இம்முறை குறைவின்றி நடந்தது. ஜிபே வந்தபின் நிலை மாறிற்று; கணக்கு மனைவியின் கைப்பேசியோடு இணைக்கப்பட்டிருப்பதால், தேநீர் ஆறுவதற்குள் குறுஞ்செய்தி வீடு சேர்ந்துவிடுகிறது. “டீக்கடையில என்ன வேலை?” என்னும் வினா, அவர் லிஃப்டிலிருந்து வெளிப்படும் முன்பே வாசலில் நிற்கிறது. நவீனத் தொழில்நுட்பம் முதியோருக்கு இழைத்த தீங்குகளுள் இதுவே கொடியது.

இன்னொரு குறையும் உண்டு. ஊடலுக்குக் கேட்போர் தேவை. திருவல்லிக்கேணித் தெருவில் குரல் உயர்ந்தால் எதிர்வீட்டுத் திண்ணை உடனே நிறையும். அடுக்ககத்தில் எதிர்க்கதவு சாத்தியே இருக்கும். ஆகையால் தாம்பரத்துத் தலைவன் தன் பாங்கர்களைச் சானடோரியம் ரயில் நிலைய நடைமேடைப் பெஞ்சிலும், சித்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையிலும் தேடிக்கொள்கிறான். வீட்டில் ‘வாக்கிங்’ என்று அறிவிக்கப்படும் இச்செயலில் நடை மிகக் குறைவு, பேச்சே மிகுதி. ரசகுண்டுகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

சீர்குலைந்த குடும்பம் என்று அப்புசாமியின் வீட்டைக் குறிப்பதும் பிழையாகும். சீர்குலைந்த குடும்பத்தில் பேச்சு நின்றிருக்கும். இங்கே அது ஒருநாளும் நின்றதில்லை. கைச்செலவு மறுக்கப்படுவதால் தாத்தா திட்டமிடுகிறார், திட்டம் கவிழ்வதால் பாட்டி மீட்கிறார், மீட்க நேர்ந்ததற்குத் தண்டனையாகக் கைச்செலவு மீண்டும் மறுக்கப்படுகிறது. இத்துணை ஒழுங்காக இயங்கும் நிறுவனம் சென்னையில் வேறில்லை.

எனவே அத்தம்பதி செம்பாக்கத்துக்கும் சித்லபாக்கத்துக்கும் இடையே, ஏரி பார்த்த பால்கனியுள்ள வீட்டுக்குக் குடிபெயர்க்கப்பட வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு. அப்புசாமிக்கு மறுப்பு இருக்க வாய்ப்பில்லை; இருந்தாலும் அது கணக்கில் கொள்ளப்படாது. மேல்முறையீடு செய்ய விரும்பும் வாசகர்கள் சீதாப்பாட்டியிடம் ஆங்கிலத்தில், எழுத்து மூலம் மட்டுமே விண்ணப்பிக்கவும்.