வட்டார வழக்கும் குணச் சான்றிதழும்

தமிழ்த் திரைப்படத்தில் ஒருவரின் குணத்தை அறிய அவர் வாயைத் திறந்தால் போதும். 'ஏனுங்க' என்றால் கொங்கு நாட்டு வெள்ளந்தி. கொலை மிரட்டலுக்கும் கடைசியில் ஒரு 'ங்க' சேர்ப்பார். 'ஏலே' என்றால் நெல்லைக்காரர். சட்டைக்குள் முதுகோடு அரிவாள். மதுரைக்காரருக்கும் அதே அரிவாள்தான், வீச்சு மட்டும் சற்று அதிகம். 'இன்னா' என்பவர் சென்னைவாசி. ஆட்டோ ஓட்டுவார் அல்லது மாமூல் வசூலிப்பார். அதே சென்னையில் வங்கி மேலாளராக வருபவருக்கு மட்டும் ஊரே கிடையாது. செய்தி வாசிப்பதுபோலப் பேசுவார்.

இந்த விதிகளுக்கு நடிகர்கள்தான் இடைஞ்சல். சென்னைத் தமிழால் சிரிக்கவைத்த சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் 1990இல் 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுத் தமிழும், 1995இல் 'சதிலீலாவதி'யில் கொங்குத் தமிழும், 2000இல் 'தெனாலி'யில் இலங்கைத் தமிழும் பேசினார். கோட்பாட்டின்படி பத்தாண்டுகளில் மூன்று முறை அவருடைய பிறவிக்குணம் மாறியிருக்க வேண்டும்.

வழக்குகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்பது மொழியியலின் முடிவு. ஊர்களின் முடிவு வேறு: தாங்கள் பேசுவது தமிழ், இழுத்துப் பேசுபவர்கள் எப்போதும் அடுத்த ஊர்க்காரர்கள்.