நீலப் பெட்டி என்னும் வள்ளல்

கர்ணன் கேட்டவர்களுக்குக் கொடுத்தான். மட்டக்குளி வேன்களின் சீட்டுக்குக் கீழே குடியிருக்கும் நீலப் பெட்டி கேட்காமலே கொடுக்கிறது. சோலர் சார்ஜ் கொன்ட்ரோலர் என்பது அவர் பெயர். கூரைப் பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் உட்கார்ந்து, வருகிற கரண்டை அளந்து அனுப்புவது அவர் பதவி.

2022 மார்ச் கடைசியில் மின்சார சபை நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டியபோது, பனலும் பற்றரியும் தேடிப் புறக்கோட்டைக்கு ஓடியவர்களோடு அவரும் வீட்டுக்கு வந்தார். கரண்ட் திரும்பிய பிறகும் அவர் போகவில்லை. காக்கைதீவுக் கரையில் இறால் வடை பொரிக்கும் வேனுக்கும் முகத்துவாரத்தில் கட்டி நிற்கும் வள்ளத்துக்கும் இப்போது அவரே விளக்கேற்றுகிறார்.

முதலில் அவருடைய படிப்பைப் பாராட்ட வேண்டும். நெற்றியில் எம்.பி.பி.டி. என்று பெரிய எழுத்தில் பட்டம். மற்றவர்கள் அந்தப் பட்டத்துக்காக வயிற்றில் தடித்த செம்புக் கம்பிச் சுருளைச் சுமக்கிறார்கள். பனலின் மேலதிக வோல்ட்டை இறக்கி, அதை அம்பியராக மாற்ற அந்தச் சுருள் வேண்டும். நம்மவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு பச்சைப் பலகை, அதில் சில டிரான்சிஸ்டர்கள், ஒரு சின்னத் திரை. சுருள் இருக்க வேண்டிய இடத்தில் காற்று. வகுப்புக்கே போகாமல் அச்சகத்தில் பட்டம் வாங்கிய மேதை!

உள்ளபடி அவர் பி.டபிள்யூ.எம். பரம்பரை. பனலைப் பற்றரியோடு நேரே சேர்த்து, நிறைந்து வரும்போது திறந்து திறந்து மூடுவது அந்தப் பரம்பரையின் தொழில். மரியாதையான தொழில்தான். ஒரு 12 வோல்ட் பனலும் இரண்டு பல்பும் உள்ள இடத்துக்கு அதுவே தாராளம். ஆனால் நம் வள்ளலின் கொடையைப் பார்க்க வேண்டுமானால், வீட்டுக் கூரையில் பூட்டும் 270 வாட் பனலை அவரிடம் கொடுங்கள். அது 31 வோல்ட்டில் 9 அம்பியருக்குக் கிட்டத் தரும். அவர் அந்த 31ஐப் பற்றரியின் 13க்கு இழுத்துவிட்டு, அம்பியரை மட்டும் அப்படியே அனுப்புவார். பெருக்கிப் பாருங்கள், 120 வாட்டைத் தாண்டாது. பாதிக்கு மேல் சூரியனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். காசு கொடுத்துப் பனல் வாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுமில்லை.

அடுத்தது அவருடைய பொறுமை. ஈயப் பற்றரி சூடேறினால் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். 25 பாகையில் 14.4 என்றால் 40 பாகையில் ஏறக்குறைய 14 போதும். சித்திரை வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் பற்றரி வேகும்போதும் நம்மவர் பதறுவதில்லை. பற்றரியின் சூட்டை அறிய ஒரு சென்சர் வயர்கூட அவரிடம் இல்லை. பற்றரித் தண்ணீர் வற்ற வற்ற, திரையில் நிறைந்த பற்றரியின் படம் தெரியும்.

கடைசிவரை கைவிடாத குணமும் உண்டு. 12 வோல்ட் ஈயப் பற்றரி ஓய்வில் 12.1க்கு வந்தாலே பாதி முடிந்தது. இவரோ 10.7 வரை பல்பை எரியவிடுவார். அதற்குள் பற்றரி ஒட்ட வற்றிவிடும். இப்படியே சில மாதம் போனால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். வேனில் அவர் இன்னும் தாராளம். வேனின் உடம்பு நெகட்டிவ். இந்தப் பெட்டிகளில் பலவற்றின் சுவிட்சும் நெகட்டிவ் பக்கத்திலேயே இருக்கிறது. பல்பின் நெகட்டிவை வழக்கம்போல வேனின் உடம்பில் பூட்டினால் அந்தச் சுவிட்சுக்கு வேலையே இல்லை, 10.7 என்ற எல்லையும் கிடையாது. பற்றரிக் கடை முதலாளிமார் அவருக்குச் சிலை வைக்கலாம்.

இனி ஒரு கொன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்களுக்கு. கையில் தூக்கிப் பாருங்கள்: 30 அம்பியர் எம்.பி.பி.டி. உண்மையென்றால் ஒரு கிலோ அளவில் கனக்கும். பனலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் திறந்த சுற்று வோல்ட்டைப் (Voc) பெட்டி தாங்குமா என்று பாருங்கள். பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். பற்றரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள்.

பி.டபிள்யூ.எம். பெட்டியில் எம்.பி.பி.டி. என்று அச்சடித்து விற்பது களவு. வடை விற்றுச் சேர்த்த காசில் வாங்கிய பற்றரி அந்தக் களவில்தான் சாகிறது. கடைக்காரரிடம் பில்லில் எம்.பி.பி.டி. என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். எழுதித் தந்தும் பேய்க்காட்டியிருந்தால், அந்தப் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போங்கள். இலக்கம் 1977.