மூச்சும் மூளையும்: கேள்வி-பதில்

கேள்வி (திரேஸ்புரம்): எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்தால் மனசில் இருப்பதெல்லாம் திரையில் தெரிந்துவிடுமாமே?

பதில்: தெரியாது. சீட்டுப் பணம் பற்றி வீட்டில் வேறு கணக்குச் சொன்னவர்களும் தைரியமாகப் படுக்கலாம். சாதாரண எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் அமைப்பை: கட்டி, கசிவு, சுருக்கம். மூளை வேலை செய்வதைப் பார்க்க ஆய்வாளர்கள் எடுப்பது எஃப்.எம்.ஆர்.ஐ. அதுவும் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, ரத்தத்தைத்தான் பார்க்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கலைப்பதில்லை. சுமையை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சற்றே கலைக்கிறது. லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் இதை 1936-ல் கண்டறிந்தார்கள். 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவா இதையே மூளைப் படத்துக்குப் பயன்படுத்தினார். மூளையின் ஒரு பகுதி வேலையில் இறங்கினால் அங்கே தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாய்கிறது, கலக்கம் குறைகிறது, சமிக்ஞை கூடுகிறது. அது உச்சம் தொட ஐந்தாறு விநாடி ஆகும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனச்சதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். சிவப்பும் மஞ்சளும் கம்ப்யூட்டர் பூசியவை.

கேள்வி (காயல்பட்டினம்): ரத்தத்தை வைத்து மூளையை அளக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

பதில்: முன்னோடிகளில் ஒருவர் இத்தாலியின் ஆஞ்சலோ மொஸ்ஸோ. 1880-களில் ஒரு நீளப் பலகையைத் தராசுத் தண்டுபோல் நடுவில் தாங்கி, ஆளைப் படுக்கவைத்துச் சமன் செய்தார். ஏதாவது படிக்கச் சொன்னால் தலைப்பக்கம் தாழும் என்பது அவர் கணிப்பு. மூச்சு விட்டாலே ஆடக்கூடிய பலகை அது. அளவு எவ்வளவு நம்பகமோ, யோசனை என்னவோ சரியான திசையில்தான் இருந்தது.

கேள்வி (முத்தையாபுரம்): துறைமுகத்தில் வெல்டிங் வேலை. தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். கண் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: சொன்னது நியாயம். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 3 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைவிட 60,000 மடங்குக்கும் மேல் வலியது. கிரைண்டிங்கிலும் வெல்டிங்கிலும் தெறிக்கும் இரும்புத் துகள், தெரியாமலே கண்ணுக்குள் தங்கியிருக்கலாம். அந்தக் காந்தத்துக்குள் போனால் துகள் நகர்ந்து பார்வையைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே தொழில் என்ன என்று கேட்டால் கூச்சப்படாமல் முழுதாகச் சொல்ல வேண்டும். அரைஞாணில் கோத்த சாவி, பையிலிருக்கும் பேனாக்கத்தி எல்லாம் வெளியே.

கேள்வி (தூத்துக்குடி): அந்தக் காலத்து முத்துக் குளிப்பவர்களின் மூளை, மூச்சில்லாமல் எப்படித் தாங்கியது? யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?

பதில்: முத்துச் சிப்பி கிடக்கும் பார்கள் பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் ஆழத்தில். காலில் கல்லோடு இறங்கி, ஒரு நிமிடம் போலச் சிப்பி அள்ளி, மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுக்க ஏறி வருவார்கள். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆக்சிஜன் செலவில் அதன் பங்கோ சுமார் 20 சதவீதம். மூழ்கியதும் உடல் சிக்கனத்துக்கு மாறுகிறது: இதயம் மெதுவாகத் துடிக்கிறது, கைகால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மிச்சம் மூளைக்கும் இதயத்துக்கும் போகிறது.

ஆபத்து அடியில் இருப்பதைவிட ஏறும்போது அதிகம். 20 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல 3 மடங்கு. அந்த நெருக்கத்தில், நுரையீரலில் மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் இறங்கிவிடும். மேலே வர வர அழுத்தம் தளர்ந்து அந்த வரத்து வற்றுகிறது. நீர்மட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நினைவு தப்புகிறது. இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துவிடுவது இதை மோசமாக்கும். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. மூச்சுமுட்டலை உணர்த்தும் கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிட்டு இறங்குவதற்குச் சமம்.

எம்.ஆர்.ஐ.யைக் கடலுக்குள் இறக்க முடியாது. ஆனால் அகச்சிவப்பை ஒட்டிய ஒளி தோலையும் மண்டையோட்டையும் ஊடுருவும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இதைக் கொண்டு நெற்றியில் ஒட்டும் கருவியைச் செய்யலாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போட்டிக்காக மூச்சடக்கி மூழ்கும் வீரர்களிடம் இப்படி அளந்து 2021-ல் வெளியிட்டார்கள். 107 மீட்டர் வரை போன அந்த மூழ்கல்களில் சிலருக்கு ஆக்சிஜன் செறிவு 25 சதவீதம் வரை இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 11 வரை. கடல்நாய்கள் மூழ்கும்போது அளந்ததைவிடவும் குறைவான மூளை ஆக்சிஜன்!

இந்த ஒளி முறைக்கு ஃப்ரான்ஸ் யோப்சிஸ் வழிகாட்டியது 1977-ல். தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல். தலைமுறை தலைமுறையாகப் பார்களில் இறங்கியவர்களின் மூளை, அளக்கும் கருவி வருமுன்பே கரையேறிவிட்டது.

கேள்வி (புன்னைக்காயல்): செத்த மீனின் மூளை யோசித்ததாக ஒரு ஆராய்ச்சி உண்டாமே, கதையா?

பதில்: நிஜம். அமெரிக்காவில் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று அதனிடம் கேட்டார்கள். 2009-ல் முடிவைக் காட்டினார்கள்: மூளைக்குள் சில புள்ளிகள் ஒளிர்ந்தன! மீன் ஏலத்தில் கூட இவ்வளவு மரியாதையாக யாரும் மீனிடம் கருத்துக் கேட்பதில்லை. மூளைப் படத்தில் பல்லாயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் தற்செயலாகவே சில தேறிவிடும். அதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் செய்ததும் மீன் மீண்டும் செத்துப்போயிற்று. இதற்கு 2012-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. கிண்டல் பரிசுதான், ஆனால் துறைக்கு இதைவிடப் பயனுள்ள மீன் கிடைத்ததில்லை.

கேள்வி (ஆறுமுகநேரி): நம் ஊர்ப் பக்கம் யாரும் மூளையைப் படம் எடுத்து ஆராய்வதில்லையா?

பதில்: சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற முப்பரிமாணப் படத்தொகுப்பை வெளியிட்டது. அதில் இருப்பது கருவிலுள்ள குழந்தையின் மூளை, இரண்டாம் மும்மாதத்து நிலையில். உயிருள்ள தலையை வெளியிலிருந்து பார்க்கும் வேலை அல்ல இது. உயிர் பிழைக்காத கருக்களின் மூளையை உறையவைத்து, முடியைவிட மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, அணுக்கள் தெரியும் துல்லியத்தில் பதிவு செய்கிறார்கள். 5,132 சீவல்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எஃப்.எம்.ஆர்.ஐ. ஒரு புள்ளியில் லட்சங்களை அடக்கிவிடுகிறது என்றால், இங்கே அணுவை அணுவாகப் பார்க்கலாம். ஆனால் வேலை செய்வதைப் பார்க்க முடியாது. இரண்டையும் ஒரே படத்தில் தரும் கருவி இன்னும் வரவில்லை.

கேள்வி (வேம்பார்): விபத்தில் கை போனவருக்கு இல்லாத விரல் வலிப்பது மனப்பிரமையா?

பதில்: அல்ல. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 1990-களில், மூளையின் காந்தப்புலத்தைப் பதியும் எம்.இ.ஜி. முறையில் இதைப் பார்த்தார்கள். கைக்கான இடத்தைப் பக்கத்திலிருக்கும் முகத்துக்கான பகுதி பிடித்துக்கொண்டிருந்தது. கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் தொட்டதுபோல் சிலருக்குத் தெரிவது இதனால் என்றார்கள். எல்லாருக்கும் விளக்கம் இதுவே என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. வலிக்கு அவர் பரிந்துரைத்த சிகிச்சை, அட்டைப்பெட்டியில் பொருத்திய முகம் பார்க்கும் கண்ணாடி. சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. அதற்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டியதில்லை.