மாமனாரின் மூக்கும் ஏழு அங்குலமும்

கிண்டில் வாங்கலாம் என்று வாயைத் திறந்து சொன்ன அன்றே உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது: ஆறு அங்குலக்காரர்கள், ஏழு அங்குலக்காரர்கள். பத்து அங்குலக்காரர்களும் உண்டு. அவர்கள் வாக்குவாதத்துக்கு வருவதில்லை. திரைமேல் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் வாங்கவேண்டியது மாமனாருக்கு. கும்பகோணத்தில் இருக்கிறார். ரயில்வே கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவர், இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை அவருடைய அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்து, அதில் ஒரு வால்யூமை நெஞ்சில் நிறுத்தி வாசிப்பது மாமனாரின் வழக்கம். இப்போது நெஞ்சு தாங்கவில்லை. "மாப்ளே, இந்தக் கிண்டில்னு சொல்றாளே, அதுல ஒண்ணு பாருங்களேன்" என்றார்.

முதல் சிக்கலே அளவில்தான். ஆறு அங்குலம் என்றதும் அடி ஸ்கேலை எடுத்து, பாதியில் விரலை வைத்து, "அகலமா, உயரமா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, டி.வி. மாதிரி மூலைக்கு மூலை குறுக்கே அளப்பார்கள் என்றேன். ஆறு அங்குலத் திரையின் உயரம் 4.8, அகலம் 3.6 அங்குலம்தான். கணக்குப் பிரிவு ஆசாமி சும்மா விடுவாரா? "அப்போ 3.6னு சொல்லி விக்கவேண்டியதுதானே? ஆடிட்ல நிக்காது மாப்ளே" என்று ஸ்கேலைக் கீழே வைத்தார்.

ஆனால் அதே கணக்கு ஏழு அங்குலத்துக்கு அனுகூலமாக வந்து நின்றது. ஒரே ஒரு அங்குலம் கூடினால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆங்கில நாவல் படிக்கிறவருக்கு இது சொகுசு. தமிழ் படிக்கிறவருக்கு அத்தியாவசியம். ஆங்கிலத்தில் பத்து எழுத்து வந்தாலே பெரிய வார்த்தை. நாமோ 'நினைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம்' என்று மூச்சு விடாமல் பதினாறு எழுத்து எழுதுகிறோம். புரை எடுத்த கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், 3.6 அங்குல அகலத்தில் ஓரம் போக அந்த ஒரு சொல்லுக்கே வரி முழுவதும் போய்விடும். நண்பர் ஒருவரின் ஆறு அங்குலக் கருவியில் பொன்னியின் செல்வனைத் திறந்து எழுத்தை ஏற்றிப் பார்த்தேன். இடது ஓரத்தில் 'வந்தியத்தேவன்' நிற்கிறான். வலது ஓரத்தில் அவன் குதிரை நிற்கிறது. இரு பக்கமும் சீராக இருக்கவேண்டும் என்று இயந்திரம் இழுத்து வைத்ததில், நடுவே வீராணம் ஏரி அளவுக்கு வெற்றிடம். இதில் வாக்கியம் முடிவதற்குள் நான்கு முறை பக்கத்தைத் தள்ளவேண்டும்.

தமிழ் வாசகன் இந்த ஆறு அங்குலத்தோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 2016 டிசம்பரில்தான். முதல் கிண்டில் வந்தது 2007இல். இடைப்பட்ட காலத்தில் சில கருவிகளில் தமிழ் எழுத்து சிதறிக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துத் தன்னார்வலர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மற்ற வடிவங்களோடு 'ஆறு அங்குல பி.டி.எஃப்' என்று தனியாக ஒன்று போட்டார்கள். திரைக்குத் தகுந்த மாதிரி தாளையே வெட்டிக் கொடுத்த அந்தப் புண்ணியவான்களுக்கு யாராவது ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

அப்படியானால் நேரே பத்துக்கே போய்விடலாமே என்பீர்கள். அங்கேதான் மூக்கு குறுக்கே வருகிறது.

மாமனார் படிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். கையில் இருப்பது முகத்தில் விழும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, நாள் தவறாத நிகழ்ச்சி. ஆகவே எடையைப் பார்த்தாகவேண்டும். 2022இல் வந்த சாதாரண ஆறு அங்குலக் கிண்டில் 158 கிராம். 2024இன் ஏழு அங்குல பேப்பர்ஒயிட் 211 கிராம். அதே 2022இல் வந்த, பேனாவோடு கூடிய 10.2 அங்குல ஸ்க்ரைப் 433 கிராம். சமையலறைத் தராசில் துவரம்பருப்பை 433 கிராம் நிறுத்துப் பாலிதீன் பையில் கட்டி மாமனார் கையில் கொடுத்தோம். படுத்தபடி ஒரு நிமிஷம் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இது புஸ்தகமா, எக்சர்சைஸா?" என்று பருப்பைத் திருப்பிக் கொடுத்தார். பத்து அங்குலம் அத்தோடு தள்ளுபடி.

நியாயமாகச் சொன்னால் அதற்கும் ஒரு ஜாதி வாசகர்கள் உண்டு. தமிழ் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய புத்தகங்களைப் படிக்கிறவர்கள். அவை வெறும் படங்கள். எழுத்தை மட்டும் தனியே பெரிதாக்க முடியாது. சின்னத் திரையில் பக்கம் முழுவதையும் பார்த்தால் எறும்பு ஊர்வது போலத் தெரியும், பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். ஆராய்ச்சி மாணவர்கள் பத்துக்குக் கீழே இறங்கவேண்டாம். அவர்களுக்கு மூக்கும் இளசு.

அடுத்தது வசதிகள். கலர்தான் வாங்கவேண்டும் என்று பெங்களூர் மைத்துனன் போனில் அடம்பிடித்தான். இப்போது புழக்கத்தில் இருக்கும் கலர் திரைகள் பலவற்றில் கருப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் கலர் 150தான். மேலே வண்ண வடிகட்டி ஒட்டியிருப்பதால் தாளும் கொஞ்சம் மங்கல். ஓவியர்கள் மணியமும் கோபுலுவும் கருப்புக் கோட்டிலேயே ஊரைக் கட்டிப்போட்டவர்கள். கலர் எதற்கு?

தண்ணீர் பட்டாலும் கெடாதது வேண்டும் என்றாள் என் மனைவி. பேப்பர்ஒயிட்டை இரண்டு மீட்டர் நல்ல தண்ணீரில் அறுபது நிமிஷமும், கால் மீட்டர் கடல் நீரில் மூன்று நிமிஷமும் முக்கலாமாம். மெரினாவில் முழங்காலளவில் நின்று மூன்றே நிமிஷம் படிக்கிற ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாமனாரின் தலைமாட்டில் எப்போதும் ஒரு டம்ளர் ரசம் இருக்கும். சரி என்று விட்டுவிட்டேன்.

பேட்டரி பன்னிரண்டு வாரம் நிற்கும் என்பார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள்: வயர்லெஸ்ஸை அணைத்து, ஒரு நாளைக்கு அரைமணி நேரம் படித்தால். மொத்தம் நாற்பத்திரண்டு மணி நேரம். அப்படியும் இது போனைவிட ஆயிரம் மடங்கு மேல். திரைக்குள் பொடிப்பொடி உருண்டைகள்; ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கருப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் தட்டி எழுப்பும்போது இடம் மாறும். அதன்பின், ஈசிசேரில் அமர்ந்த மாமனார் காபி வரும்வரை அசையாததுபோல, அடுத்த பக்கம் தள்ளும்வரை அப்படியே கிடக்கும். விளக்கை விட்டால், பக்கம் மாறும் நேரத்தில்தான் செலவு.

உண்மையிலேயே காசு கொடுக்கத்தக்க வசதி ஒன்றுதான் என்பேன்: விளக்கின் நிறத்தை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிக்கொள்வது. குண்டு பல்பில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அதுதான் வெளிச்சம். பதினாறு ஜி.பி.யில் ஆயிரக்கணக்கான புத்தகம் வைக்கலாம் என்று மயக்குவார்கள், மயங்காதீர்கள். அவர் படிக்கப்போவது அந்த ஐந்து பாகம்தான்.

தீர்ப்பு: ஏழு அங்குலம், கருப்பு வெள்ளை, மஞ்சள் விளக்கு. பெரியவர்களுக்கு வாங்கித் தரப்போகும் வாசகர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பெட்டியோடு நீட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். வைஃபை போட்டு, புத்தகத்தை இறக்கி, எழுத்தை அவர் கண்ணுக்குத் தகுந்தபடி ஏற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் ஓ.டி.பி. கேட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்.