பின்னிற்றல்: கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் நிற்போர் குறித்து ஓர் ஆய்வு

பந்தியில் ஒருவர் உண்டுகொண்டிருக்கையில், அவருடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவர் எழும் கணத்துக்காக மற்றொருவர் காத்து நிற்பதை இக்கட்டுரை ‘பின்னிற்றல்’ என்று குறிக்கும். நிற்பவர் பின்னிற்போர். உண்பவர் முன்னிருப்போர். இருவருக்கும் இடையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டுமே. கல்யாண மண்டபம் உள்ள ஊர்களிலெல்லாம் காணக்கிடைக்கும் இவ்வழக்கத்தை அறிஞர்கள் ஏன் ஆராயவில்லை என்ற கேள்விக்கு விடை எளிது. ஆராய வேண்டிய நேரத்தில் அவர்களும் யாரோ ஒருவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் இலக்கியச் சான்று. நல்லொழுக்கத்துக்கென்றே பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூல் உண்டு: பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை. பல் துலக்குவதிலிருந்து எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதுவரை நூறு வெண்பாக்களில் சட்டம் போட்டிருக்கிறார். சாப்பாட்டை விடுவாரா? கிழக்கு பார்த்து உட்கார வேண்டும். ஆடக் கூடாது, பேசக் கூடாது, வேறெதையும் பார்க்கக் கூடாது, சிந்தக் கூடாது. படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ உண்ணக் கூடாது. பெரியவர்கள் எழும்முன் எழக் கூடாது. எல்லா விதியும் உண்பவனுக்குத்தான். நின்றுகொண்டு அடுத்தவன் உண்பதைக் கண்காணிப்பவனுக்கு அவர் தனி விதி வகுத்ததாகத் தெரியவில்லை. இதிலிருந்து, அக்காலத்தில் பின்னிற்றல் இல்லை என்று கொள்ளலாம். அல்லது முள்ளியாருக்கு எப்போதும் முதல் பந்தியிலேயே இடம் கிடைத்தது என்று கொள்ளலாம். பின்னதே பொருத்தம் என்பது என் துணிபு.

அடுத்து, மேலைநாட்டுச் சான்று. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் தங்களுக்கிடையே விடும் தூரத்தை அளந்து வகைப்படுத்தினார். அவர் கணக்கில் உடலிலிருந்து 18 அங்குலம்வரை நெருக்கத்துக்குரிய எல்லை. காதலர், தாய், குழந்தை போன்றோர் மட்டுமே உள்ளே வரலாம். நம் பின்னிற்போர் இந்த எல்லைக்குள் தாம்பூலப் பையோடு நுழைந்து, முன்னிருப்போரின் பின்கழுத்தில் மூச்சுவிடுகிறார். இருவருக்கும் அறிமுகம்கூட இல்லை. ஒருவர் பெண் வீடு, ஒருவர் மாப்பிள்ளை வீடு.

பின்னிற்றலுக்குப் படிநிலைகள் உண்டு. சாம்பார் சாதத்தின்போது பின்னிற்போர் இரண்டடி தள்ளி, மேடையைப் பார்ப்பதுபோல் நிற்பார். ரசத்தில் கை நாற்காலிக்கு வந்துவிடும். மோர் ஊற்றியதும் பார்வை இலைக்கு இறங்கும். முன்னிருப்போர் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு நேரம் கடத்தினால் ஒரு பெருமூச்சு. இவற்றுள் மிகக் கொடியது, “அவசரமே இல்ல சார், நீங்க பொறுமையா சாப்பிடுங்க” என்ற வாக்கியம். இதைக் கேட்டபின் பொறுமையாகச் சாப்பிட்ட மனிதனை நான் கண்டதில்லை.

வட்டார வேறுபாட்டையும் கருத வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பந்தியில் பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் முடிந்து பாயசம் வரும். அதற்குப் பிறகுதான் ரசமும் மோரும். வெளியூர்ப் பின்னிற்போர் பாயசத்தைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று நாற்காலியை லேசாக இழுத்துவிட்டு, ரச வாளி வருவதைக் கண்டு முகம் வெளிறுவார். இடம் பிடிப்பவருக்குப் பரிமாறும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

சமூக வாழ்வில் விளைவு என்ன? ரசம் தவறுவது சிறிய இழப்பு. பல வருடம் கழித்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றுவிட்ட அத்தானிடம் நாலு வார்த்தை பேசத்தான் பலர் கல்யாணத்துக்கே வருகிறார்கள். “பெரியவளுக்கு ஜாதகம் எடுத்தாச்சா அத்தான்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால், “என்ன நட்சத்திரம்?” என்ற எதிர்க்கேள்வி பின்னாலிருந்து வருகிறது. உறவுப் பேச்சு அதோடு நின்றுபோகிறது. இலையை மடிப்பதற்குள் நாற்காலி பாதி நகர்ந்திருக்கும்.

இன்னொரு புதிரும் உண்டு. எச்சில் பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்போம். ஆனால் பின்னிற்போர், முன்னவர் எழுந்ததும் அவருடைய எச்சில் இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, மேசைக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஆள் வரும்வரை அதைக் காவல் காக்கிறார். நாற்காலிப் பற்று தீட்டையும் வெல்லும்.

இவர்கள் யாவரும் நாகரிகம் அற்றவர்கள் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் சான்றுகள் இடம் தரவில்லை. பின்னால் நின்றவரைத் திட்டிக்கொண்டே கைகழுவப் போனவர், திரும்பி வந்து தன் மச்சானுக்காக வேறொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். ஆகவே குற்றம் ஆளில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பத்திரிகையில் வரவேற்பு ஏழு மணி என்றிருந்தால் எல்லோரும் எட்டரைக்கு வருகிறார்கள். வாசலில் நிற்கும் பெண்ணின் தகப்பனார் ஒருவர் விடாமல் “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்கிறார். உபசாரமே நெரிசலை உண்டாக்குகிறது.

பஃபே முறை இதற்குத் தீர்வு என்பர் சிலர். நாற்காலி இல்லாவிட்டால் பின்னிற்றல் இல்லை என்பது தர்க்கப்படி சரி. ஆனால் நின்றுகொண்டு உண்பதை முள்ளியார் தடுத்திருக்கிறார். மேலும், அங்கே தோசைக் கல்லின் முன் நடப்பது தனி ஆய்வுக்கு உரியது.

ஆடியில் கல்யாணம் இல்லாததால் கள ஆய்வு இப்போதைக்கு நின்றிருக்கிறது. ஆவணியில் தொடரும். அப்போது எனக்குப் பின்னால் நிற்க நேரும் அன்பர்களுக்கு ஓர் அறிவிப்பு: நான் ரசம் இரண்டு முறை வாங்குவேன். பக்கத்து இலைக்காரர் மோருக்கு வந்துவிட்டார். தயவுசெய்து அங்கே போய் நில்லுங்கள்.