கேட்டதும் வாசித்ததும்

கே: கின்னஸ் பீர் பாட்டிலிலும் ஹார்ப், அயர்லாந்து அரசு முத்திரையிலும் ஹார்ப். யார் யாரைக் காப்பியடித்தது?

ப: நாட்டுச் சின்னமாக ஹார்ப் பல நூற்றாண்டுகள் மூத்தது. ஆனால் வர்த்தக முத்திரையாக 1876லேயே பதிவு செய்துவிட்டது பீர் கம்பெனி. பின்னால் வந்த சுதந்திர அரசு, ஹார்ப்பை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. குடிமகன்கள் முந்திக்கொள்வது எங்கும் நடப்பதுதானே!

கே: ஸ்காட்லாந்துக்காரர் கன்னம் உப்ப பைப் ஊதுகிறார். அயர்லாந்துக்காரர் ஏன் ஊதுவதில்லை?

ப: அவருடைய இல்லன் பைப்புக்குக் காற்று தருவது முழங்கையில் கட்டிய துருத்தி. இன்னொரு முழங்கை பையை அழுத்தும், விரல்கள் இரண்டு ஸ்தாயியில் ஸ்வரம் பிடிக்கும், மணிக்கட்டு ரெகுலேட்டர் சாவிகளைத் தட்டும், சுருதிக் குழல்கள் விடாமல் ஒலிக்கும். ஓய்வில் இருப்பது வாய் ஒன்றுதான். 2017ல் இந்தப் பைப் வாசிப்பு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

கே: டின் விசில் அசல் அயர்லாந்துச் சரக்குதானே?

ப: ஆறு துளைத் தகரக் குழலை 1843ல் செய்து விற்க ஆரம்பித்த ராபர்ட் கிளார்க் இங்கிலாந்துக்காரர். மரப் புல்லாங்குழல் கதை இன்னும் சுவை. 1847ல் போம் என்ற குழல் தயாரிப்பாளர் புது உலோகக் குழலைக் கொண்டுவந்தார். மேற்கத்திய செவ்வியல் கலைஞர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய, கழித்துவிட்ட பழைய மரக்குழல்கள் மலிவு விலைக்கு வந்தன. அயர்லாந்து வாங்கிக்கொண்டது.

கே: பாஞ்சோ அமெரிக்கா, கான்செர்ட்டினா இங்கிலாந்து, 1960களில் ஜானி மொய்னிஹன் கொண்டுவந்த புஸூக்கி கிரீஸ். அப்படியானால் அயர்லாந்துடையது என்ன?

ப: வாசிப்பு! வந்த வாத்தியம் எதுவானாலும் ரீல், ஜிக் நடன மெட்டுகளுக்கு வளைத்துவிடுவார்கள். பிடில், குழல், பைப் எல்லாம் சேர்ந்து ஒரே மெட்டையே வாசிக்கும். அலங்காரங்களில்தான் அவரவர் கைவண்ணம். டொனகல் வட்டாரத்து வில்வீச்சு ஒரு வேகம், கிளேர் வட்டாரத்து வாசிப்பு வேறு நடை.

கே: பௌரானைக் கண்டால் மற்ற கலைஞர்கள் நெளிகிறார்களாமே?

ப: ஆட்டுத்தோல் போர்த்திய ஒருமுகப் பறை அது. 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா மேடையேற்றிய பிறகு எல்லோர் கையிலும் வந்துவிட்டது. அதை வாசிக்கச் சிறந்தது பேனாக்கத்தி என்பது பைப் கலைஞர் ஷேமஸ் என்னிஸ் பெயரில் உலவும் ஜோக்.

கே: எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது. பப்பில் நடக்கும் இசை செஷனில் சேரலாமா?

ப: கவலையே வேண்டாம், இரண்டு கரண்டிகளைத் தொடையில் தட்டுவதும் அங்கே வாத்தியம்தான். ஆனால் தாளத்துக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தால், கரண்டியைச் சூப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.