அம்மா கருக்கிய பெரணி

என் அம்மா மருந்தடிக்கப் போனவர். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நிரை பிடிப்பார். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பெயர் லயத்தில் யாருக்கும் தெரியாது. மருந்து, அவ்வளவுதான். வீடு திரும்பும்போது சில நாள் மூக்கில் ரத்தம் கசிந்திருக்கும். விரல் நகங்கள் வெளுத்தன, சில உரிந்தே போயின. அம்மா சோற்றைக் கரண்டியால்தான் அள்ளுவார். அது நாகரிகம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

தாத்தா காலத்தில் களையெடுக்க மண்வெட்டிதான். மரத்தடியில் ஒரு புல் தெரியக்கூடாது என்பது துரைமார் சட்டம். மழை பெய்தால் மேல்மண் சரிவில் கரைந்து ஓடையில் சிவப்பாக இறங்கும்.

செர்டாங்கில் தோட்டக்கலை படித்தபோது ஹெயின்ஸ் என்பவர் எழுதிய நூல் ஒன்று கையில் கிடைத்தது. 1925-ல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மண் ஆராய்ச்சியாளர் அவர். ரப்பர் தோட்டத்தில் தானாக முளைக்கும் அடிச்செடிகளால் என்ன பயன், அவற்றை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதே நூலின் பொருள். காடு தன் சருகைத் தின்றே வாழ்கிறது, ரப்பர் நிழலிலும் இந்த மண்ணின் செடிகளை வளரவிடுங்கள், லாலான் புல் போல மரத்தோடு மல்லுக்கு நிற்பவற்றை மட்டும் பார்த்துப் பார்த்து எடுங்கள் என்கிறார். வேர் மண்ணைப் பிடிக்கும், தழை மட்கி உரமாகும். நூல் வெளிவந்த ஆண்டைப் பார்த்தேன்: 1934. அம்மா அப்போது பிறந்திருக்கவே இல்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

1990-ல், பாராகுவாட் அடித்தும் சாகாத சம்பாவ் புல் மலேசியாவில் பதிவானது. கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் புல். 1997-ல் கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியையும் தாங்கி நின்றது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு செடிதான் அடுத்த விதையைப் போடும். சில ஆண்டுகளில் காடு முழுக்க அதன் பிள்ளைகள். புல்லுக்கு அப்படி ஒரு வழி இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

மருந்தடிக்கும் பெண்களின் உடம்பு படும் பாட்டை ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு ஆவணமாக்கிப் போராடியது. அரசு 2002-ல் பாராகுவாட்டைத் தடை செய்தது, 2006-ல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ல்தான் வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் அம்மாவை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. நிரைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் பெரணி. நெஃப்ரோலெபிஸ் பிசெர்ராட்டா, இந்த மண்ணில் பிறந்த செடி. ஈரம் காக்கும் என்று இப்போது அதை விட்டுவைக்கிறார்கள். பாதையோரம் டர்னேரா பூச்செடிகள். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நட்டவை.

அம்மா குனிந்து பெரணியைத் தொட்டார்.

"இதத்தானேய்யா நாங்க கருக்குனோம்?"

"ஆமாம்மா."

"யாரும் மருந்தடிக்கலியா?"

"வேணும்னே விட்டு வச்சிருக்காங்கம்மா."

கோணலாக வளர்ந்த நகத்தால் ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்.